பரிசுப் பணம் இருநூறு டாலர்

1946இல் அம்பேத்கர் அமெரிக்கக் கறுப்பினச் சிந்தனையாளர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் சபைக்குக் கொடுத்த மனுவின் பிரதியைக் கேட்டு எழுதிய கடிதம் அது. இதைப் பெருமையோடு நாம் மேடைகளில் சொல்கிறோம். அதே டு பாய்ஸ் ஒரு நாடகக் குழு நடத்தினார், அது இரண்டே வருஷத்தில் உடைந்தது என்பதையும் நாம் பேசவேண்டும்.

அமெரிக்க மேடையில் வெள்ளைக்காரன் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பரைக் கோமாளியாக்கிய காலம் ஒன்றிருந்தது. கறுப்பு நடிகருக்கும் பெரும்பாலும் அதே கோமாளி வேஷம்தான். இதற்கு எதிராக 1926இல் நியூயார்க்கின் ஹார்லெமில், 135ஆம் தெரு நூலகத்தின் கீழ்த்தளத்தில், கிரிக்வா என்ற குழு சின்ன மேடை ஒன்றைப் போட்டது. டு பாய்ஸ் விதித்த நிபந்தனைகள் தெளிவானவை. நாடகம் கறுப்பர் வாழ்வைச் சொல்லவேண்டும், கறுப்பரே எழுதவேண்டும், கறுப்பருக்காகவே நடக்கவேண்டும், அவர்கள் குடியிருக்கும் தெருவிலேயே அரங்கு இருக்கவேண்டும்.

யூலலி ஸ்பென்ஸ் என்ற பள்ளி ஆசிரியை இக்குழுவுக்கு நாடகங்கள் எழுதினார். கலை பிரச்சாரமாக இருக்கவேண்டும் என்றார் டு பாய்ஸ். சாதாரண சனங்களின் சிரிப்பையும் சண்டையையும் எழுதுவேன் என்று நின்றார் ஸ்பென்ஸ். இந்தக் கருத்து வேறுபாட்டோடேயே குழு நடந்தது. 1927இல் ஒரு நாடகப் போட்டியில் ஸ்பென்ஸின் ஓரங்க நாடகத்துக்கு 200 டாலர் பரிசு கிடைத்தது. டு பாய்ஸ் அதைத் தயாரிப்புச் செலவுக்கு ஈடுகட்டினார். எழுதியவருக்கும் ஒன்றுமில்லை, நடித்தவர்களுக்கும் ஒன்றுமில்லை. குழு கலைந்தது.

டு பாய்ஸ் திருடவில்லை. செலவு நிஜமானது. ஆனால் காசு யாருக்கு என்பதை உழைத்தவர்களோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. அவருடைய நிபந்தனைகளில் கணக்கு நோட்டைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

1940இல் ஏப்ரம் ஹில்லும் ஃபிரடெரிக் ஓ'நீலும் அமெரிக்க நீக்ரோ அரங்கு என்ற குழுவை அதே கீழ்த்தளத்தில் தொடங்கினார்கள். கூட்டுறவாக, வருமானத்தைப் பங்குபோட்டுக்கொள்ளும் ஏற்பாடு. 1944இல் இவர்கள் போட்ட 'ஆனா லூகாஸ்டா' பிராட்வேக்குப் போய் 957 தடவை நடந்தது. அந்த லாபத்தில் குழுவுக்கு வந்தது சொற்பம். பிராட்வேக்குச் சிலர் போனார்கள், பலர் கீழ்த்தளத்திலேயே நின்றார்கள். மனக்கசப்பு வளர்ந்தது, சில ஆண்டுகளில் குழு தேய்ந்துபோனது. முதல் குழுவைப் பரிசு உடைத்தது. இரண்டாவது குழுவை வெற்றியே அரித்தது.

இதையெல்லாம் படிக்கும்போது எங்கள் குழுவின் ஒரு ராத்திரி நினைவுக்கு வருகிறது. ஒரு சேரியில் நாடகம் முடிந்து துண்டு ஏந்தினோம். வசூலை வேன் வாடகைக்குக் கொடுத்துவிட்டு, விடுதலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். எங்களோடு பாட வந்த அக்கா கூலி வேலையை விட்டுவிட்டு வந்தவர். ''தம்பி, பஸ்ஸுக்காவது காசு குடுப்பீங்களா?'' என்று கேட்டார். வாங்கிக்கொண்டு போனவர் அப்புறம் வரவேயில்லை. அவருக்குப் புத்தி சொல்ல எங்களிடம் நிறைய வசனம் இருந்தது, பதில் இல்லை.

எதிரி அடித்துக் கலைத்த குழுக்கள் உண்டு. கணக்கைப் பேசக் கூச்சப்பட்டுக் கலைந்தவையும் உண்டு. பறையைக் கீழே வைத்ததும் வட்டமாக உட்காருங்கள் தோழர்களே. வரவையும் செலவையும் எல்லோர் காதிலும் விழும்படி படியுங்கள். அன்றைக்குக் கூலியை விட்டுவிட்டு வந்தவர் யார் என்று முதலில் கேளுங்கள்.