வாகரைக் காடும் முதிரை மரமும்

மட்டக்களப்பின் வடபாலுள்ள வாகரைப் பகுதியின் வரலாற்றை ஆராயப் புகுவோர்க்கு ஊர்ப்பெயர்களும் ஒருவகைச் சான்றுகளாம். கண்டலடியிற் கண்டலும், மாங்கேணியில் மாவும், பனிச்சங்கேணியிற் பனிச்சையும் இன்றும் பெயரளவிலேனும் நிற்கின்றன. பனிச்சங்காயின் சாறு மீனவரின் வலைக்கு உரமூட்டியது. அம்மரம் கருங்காலியின் நெருங்கிய இனம் என்பது நோக்கற்பாலது. மீனவன் நாடியது காயை. கப்பலில் வந்தவன் நாடியதோ கருங்காலியின் வைரத்தை.

உயர்ந்த மரமெனின் மகோகனியையே இன்று பலரும் எண்ணுவர். அமெரிக்க வெப்பவலயத்திற்குரிய அம்மரம் 19ஆம் நூற்றாண்டிலேயே இலங்கைக்குக் கொணரப்பட்டது. குருநாகற் பகுதியில் அதற்குத் தோட்டங்கள் எழுந்தன. உலர்ந்த கீழைக்கரைக்கோ முதிரை, பாலை, கருங்காலி, சவண்டலை என்பன இயல்பாகவே வாய்த்திருந்தன. (பழந்தமிழிலே முதிரை என்பது பயறு வகையைக் குறிக்கும், ஈழத்தார்க்கு அது மரம்.) 1795இல் முதிரையை விவரித்த உரொக்ஸ்பரோ என்னும் தாவரவியலாளர் அதனை மகோகனியின் இனத்திலேயே சேர்த்தார். பின்னர் வேறு குடும்பத்திற்கு மாற்றப்பட்டபோதும், மகோகனியின் இனப்பெயரான 'சுவீற்றீனியா' அதன் பெயரில் எஞ்சிவிட்டது. உண்மையில் மகோகனியின் குடும்பத்தைச் சேர்ந்தது நம் முற்றத்து வேம்பே! முதிரையின் வலிமைக்குச் சான்று வேண்டுவோர், 1833இல் பேராதனையில் மகாவலிக்குக் குறுக்கே 205 அடி நீளத்தில் ஒரே வளைவாக அமைக்கப்பட்ட முதிரைப் பாலத்தை நினைவுகொள்க. 1905இல் இரும்புப் பாலம் அதன் இடத்தைப் பெற்றது.

மரம் விலைபெற்ற அக்காலத்திலேயே காட்டின் உரிமையும் கைமாறியது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், காடு, தரிசு, பயிரிடப்படாத நிலம் யாவும் மறுதலை நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியன எனக் கொண்டது. கண்டி மாகாணங்களில், சன்னசு முதலிய ஆவணங் காட்டியோர் சேனை நிலத்திற்கு உரிமை கோரலாம். ஏனைய மாவட்டங்களிலோ சேனை நிலமும் காடாகவோ தரிசாகவோ கருதப்பட்டது. மட்டக்களப்பு இவ்விரண்டாம் பிரிவிலேயே அடங்கியது. சில ஆண்டு பயிரிட்டு, மண் தேறுதற்பொருட்டுச் சில ஆண்டு விட்டுவைத்தலே சேனைச் செய்கையின் முறைமை. சட்டத்தின் கண்ணுக்கோ அவ்வோய்வு உரிமையின்மையாகப் பட்டது. தேனெடுத்தும் மீன்பிடித்தும் சேனை செய்தும் வாழ்ந்த வாகரைக் கரையோர வேடர் எந்த உறுதியைக் காட்டுவர்?

1887இல் வனத் திணைக்களமும் 1968இல் அரச மரக் கூட்டுத்தாபனமும் தோன்றின. காட்டைக் காக்க ஓர் அமைப்பு வேண்டும் என்பதை யாரும் மறுக்கார். ஆயினும் 2006–2007 போரின்போது இடம்பெயர்ந்த வாகரை மக்கள் மீண்டபோது, ஆளின்றிக் கிடந்த நிலங்களிற் பற்றை மண்டியிருந்தது. அது காடா, சேனையா?