சேருவிலச் செம்பு: வெட்டப்படாத தாதும் விடுபடாத வினாவும்

கோலாலம்பூரை ஈயம் வளர்த்தது. அந்நகரின் கட்டடங்களுக்குச் செங்கல் சுட்டுத் தந்தே பிரிக்பீல்ட்ஸ் தன் பெயரைப் பெற்றது. ஆதலால், நிலத்தடியில் ஒரு பொருள் உண்டென்றால் அது வெட்டியெடுக்கப்பட்டே தீரும் என்று எண்ணிப் பழகியவர்கள் நாம். இவ்வுரையில் நாம் எடுத்துக்கொள்வதோ, நம் காலத்தில் கண்டறியப்பட்டும் சுரங்கமாகாத ஒரு தாது: இலங்கையின் திருகோணமலை மாவட்டத்துச் சேருவிலச் செம்பு.

இலங்கையில் முறையான கனிம ஆய்வு 1903இல் தொடங்கியது. அதன் முதல் இயக்குநர் ஆனந்த குமாரசுவாமி. கலை வரலாற்றறிஞராக மட்டுமே அவரை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். 1904இல் தோரியனைட்டு என்னும் கனிமத்தை உலகுக்கு அறிமுகப்படுத்திய நிலவியலாளரும் அவரே. ஆயினும் சேருவிலத் தாது வெளிப்பட மேலும் பல பத்தாண்டுகள் ஆயின. 1971ஆம் ஆண்டில்தான் புவிச்சரிதவியல் துறையினர் அதனைக் கண்டறிந்தனர். இடத்தின் பெயர் அரிப்பு. முத்துக்குளிப்புக்குப் பெயர்பெற்ற மன்னார் அரிப்பு அன்று இது. கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கேயுள்ள கிழக்கிலங்கை அரிப்பு.

அங்குக் கிடைப்பது தனிச்செம்பு அன்று. மாக்னடைட்டு என்னும் காந்த இரும்புத்தாதும், செம்பும் இரும்பும் கந்தகமும் சேர்ந்த சால்கோபைரைட்டும் ஒன்றோடொன்று பிணைந்து கிடக்கின்றன. இலங்கையின் உயர்நிலப் பாறைத்தொகுதியும் விசயன் பாறைத்தொகுதியும் சந்திக்கும் எல்லையை ஒட்டியது இவ்விடம். கோண்டுவானாப் பெருங்கண்டம் உருவான காலத்தில், ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், இவ்விரு தொகுதிகளும் நெருக்குண்டு இணைந்தன. நம்மவர் இராவணன் கதையோடு சேர்த்துச் சொல்லும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளையும் நிலவியலாளர் இவ்வெல்லையோடு தொடர்புபடுத்துவர்.

பின்னர் ஏன் அது சுரங்கமாகவில்லை? நம் நாட்டிலிருந்தே ஓர் ஒப்பீடு தரலாம். சபாவில், கினபாலு மலைச்சாரலில் உள்ள மாமூட்டில் செம்பு இருப்பது 1965இல் தெரியவந்தது. 1975 முதல் 1999 வரை அங்குச் சுரங்கம் இயங்கிற்று. அதன் தாதில் செம்பு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவே. ஆனால் மலையளவு தாது இருந்ததால் தொழில் நடந்தது. இன்று அங்கு எஞ்சியிருப்பது அமிலநீர் தேங்கிய பெருங்குழி. சேருவிலவில் உள்ளது அத்தகைய பேரளவுத் தாது அன்று. போதாக்குறைக்கு, கிழக்கிலங்கை நெடுங்காலம் போர்க்களமாகவும் இருந்தது.

எனினும் இக்காலத் தொழிலுக்குச் சிறிதாகப்படுவது பழங்காலக் கொல்லனுக்குப் பெரிது. செம்புத்தாது நிலமட்டத்தை எட்டுமிடத்தில் மழையும் காற்றும் அதனைப் பச்சைநிற மாலகைட்டாக மாற்றும். கண்ணுக்கு எளிதில் தட்டுப்படும் அக்கல்லைக் கரியோடு சேர்த்து உலையிலிட்டால் செம்பு பிரியும். ஆழச் சுரங்கம் வேண்டுவதில்லை. இக்கருத்தை மனத்திற்கொண்டு பார்த்தால், 1971ஆம் ஆண்டின் கண்டுபிடிப்பு வணிகருக்கு அளித்ததைவிட வரலாற்றாளருக்கு அளித்தது மிகுதி என்பதே நம் கருத்து. தொல்லியலாளர் சுதர்சன் செனவிரத்ன, சேருவிலவின் சூழலியலையும் தொல்லியலையும் ஒருங்கே ஆராய்ந்து, இலங்கையின் தொடக்க வரலாற்றுக் காலச் செம்பின் ஊற்றிடமாக இதனை முன்வைத்தார். தெற்கே கடலோரத்தில் கதிரவெளியில் பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் உள்ளன என்பதும் எண்ணத்தக்கது.

இது தமிழகத்தையும் தொடும் செய்தி. ஆதிச்சநல்லூர் வெண்கலங்களுக்குச் செம்பு எங்கிருந்து வந்தது? கி.பி. முதல் நூற்றாண்டின் பெரிபிளசு, முசிறித் துறையில் இறங்கிய சரக்குகளுள் செம்பையும் குறிக்கிறது. ஆகவே மேற்கிலிருந்து செம்பு வந்ததில் ஐயமில்லை. கிழக்கே, கடலுக்கு அப்பால் அண்மையிலிருந்தும் வந்ததா என்பதே வினா. வெண்கலத்துக்கு வேண்டிய வெள்ளீயத்தின் ஊற்றிடமோ நம் மலாயாத் தீபகற்பத்தையும் உள்ளிழுக்கும் பொருள். அதற்குத் தனியுரை வேண்டும்.

இருபுறத்தும் பெருமை பேசுவோர் இதற்கு உடனே விடை சொல்லிவிடுவர். நாம் அவசரப்பட வேண்டுவதில்லை. செம்பினுள் நுண்ணளவில் கலந்திருக்கும் காரீயத்தின் ஐசோடோப்பு விகிதம் உலையில் உருகினாலும் மாறாது. சேருவிலத் தாதின் ஒரு துண்டையும், பழம்பொருளிலிருந்து சுரண்டிய சில மில்லிகிராம் உலோகத்தையும் ஒப்பிட்டால், இரண்டும் பொருந்துகின்றனவா என்று காணலாம். பொருந்தாவிடில் அவ்வூற்றிடம் விலக்கப்படும். பொருந்தினாலும், அதே விகிதமுள்ள வேறு தாதுகள் உண்டா என்று தேடவேண்டும். அதற்கு முன்பாக, பழைய உலைக்கசடுகள் கிடக்கக்கூடிய மேல்மண்ணை எந்த இயந்திரமும் புரட்டிவிடாதிருத்தல் வேண்டும்.