கடைசலில் பிறந்த நாகசுரம்

காவிரி ஒகேனக்கல்லில் அருவியாய் வீழும் இடத்திற்கு அருகே, கருநாடகக் காட்டுப் பகுதியில் அமைந்த சிற்றூர் கோபிநத்தம். செய்தித்தாள் படிப்போர் அவ்வூரின் பெயரை வேறொரு காரணத்தால் அறிந்திருப்பர். அதனை ஈண்டு விடுவோம். அவ்வூர் மக்கள் பேசுவது தமிழ். கொள்ளேகால் வட்டம் 1956 நவம்பர் முதல் நாள் வரை சென்னை மாநிலத்தின் கோவை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. மொழிவழி மாநிலப் பிரிவினையில் அது மைசூர் மாவட்டத்தோடு இணைந்தது. 1997இல் சாமராசநகர் மாவட்டம் தனியே பிரிந்தபோது அதன்பாற் சென்றது. மாற்றல் உத்தரவைக் கையிலேந்தி ஊர்விட்டு ஊர் வந்தவர்கள் நாம். கோபிநத்தத்தார் இருந்த இடத்திலேயே இருந்தனர். எல்லைதான் அவர்களைத் தாண்டிப் போயிற்று.

அவ்வூரைச் சூழ்ந்து கிடக்கும் காவிரிக் காடுகளில் செறிந்து வளரும் மரம் ஒன்று உண்டு. கன்னடத்தார் அதனைக் கமரா என்பர்; நாம் ஆச்சா என்போம். இரண்டிரண்டாய் இணைந்த சிற்றிலைகளும், வறண்ட பாறை நிலத்திலும் வேரூன்றி நிற்கும் உரமும் உடையது. நம் நாட்டு மரங்களுள் மிகக் கடினமானவை எவையென எண்ணத் தொடங்கினால் அதன் பெயரை விட்டுவிட இயலாது. உளி மழுங்கும், வாள் திணறும். இத்தகைய மரத்தைத்தான் நம் முன்னோர் நாகசுரத்திற்கென்று தேர்ந்தனர். இல்லத்து மங்கல நிகழ்ச்சி எதுவாயினும் நாகசுர ஒலியின்றி நிறைவுறாது என்று கருதும் நாம், அக்குழல் எவ்வாறு உருவாகிறது என்று கேட்டதுண்டா? வாசித்தவர் பெயரைக் கேட்போம். கடைந்தவர் பெயரைக் கேட்பதில்லை. இக்கட்டுரை கடைந்தவரைப் பற்றியது.

'கடைதல்' என்னும் சொல்லையே முதலிற் காண்போம். தயிர் கடைவதும் கடைதல். மரத்தைச் சுழலவிட்டு உளியால் உருவாக்குவதும் கடைதல். இவ்விரண்டிற்கும் ஒரே சொல் அமைந்தது தற்செயலன்று. பழைய கடைசற் பட்டறையில் ஒருவர் மரத்தின்மேல் கயிற்றைச் சுற்றி, மத்துக் கயிற்றை இழுப்பதுபோல் மாறிமாறி இழுப்பார். மரம் ஒருமுறை முன்னும் ஒருமுறை பின்னுமாகச் சுழலும். உளி பிடித்தவர் தம்மை நோக்கிச் சுழலும்போது மட்டும் வெட்டுவார். எதிர்ச்சுழற்சியில் உளியைத் தளர்த்துவார். இருவர் மூச்சும் ஒன்றினாலன்றி வேலை நடவாது. மின்பொறி வந்தபின் கயிறு இழுப்பவர் பட்டறையை விட்டு அகன்றார். சொல் மட்டும் அப்படியே நின்றது. (இத்துணைச் சிறந்த கலையின் பெயரைக் 'கடைந்தெடுத்த அயோக்கியன்' என்னும் வசைக்கும் நாம் பயன்படுத்துவது ஒரு விந்தை!) மைசூருக்கு அண்மையிலுள்ள சோமநாதபுரத்தில், 1258இல் எழுப்பப்பெற்ற கேசவர் கோயிலின் உள்ளே சென்றவர்கள் வளையம் வளையமாய் மினுக்கும் தூண்களைக் கண்டிருப்பர். மாக்கல்லைச் சுழலவிட்டுக் கடைந்த கடைசல் தூண்கள் அவை.

கடைசல் பழகுவோர்க்குப் பம்பரம் எளிது; பூரிக்கட்டை அதற்கடுத்த படி; கட்டிற்கால் சற்றுப் பொறுமை கேட்கும். நீண்டு மெலிந்த கோலைக் கடையும்போதுதான் தேர்ச்சி வெளிப்படும். இரு முனைகளிலும் பிடிக்கப்பட்ட மெல்லிய கோல் சுழலும்போது அதன் நடுப்பகுதிக்கு ஊன்றுதுணை ஏதுமில்லை. உளி சற்றே அழுந்தினாலும் நடுப்பகுதி வளைந்து விலகும். விலகியது மீண்டு வந்து உளியில் மோதும். அக்கணமே மரம் அதிர்ந்து ஓலமிடும். மேற்பரப்பில் திருகுத் திருகாய் வடுக்கள் விழும். வடுவைப் போக்க மேலும் அழுத்தினால் கோல் இன்னும் மெலிந்து, இன்னும் துள்ளும். முனைகளை இறுக்கினால் அதிர்ச்சி அடங்கும் என்று புதிதாய்ப் பழகுவோர் கருதுவர். இறுக்கினால் கோல் வில்லாய் வளையும் என்பதே உண்மை. கூர் தீட்டிய உளி, மயிரிழைபோற் சீவும் மெல்லிய வெட்டு, கோலின் பின்புறத்தை அணைத்து அதன் துள்ளலைத் தாங்கும் இடக்கை, நார் ஓட்டம் நேராயுள்ள மரம் ஆகிய நான்கும் வாய்க்க வேண்டும். முதல் மூன்றும் பயிற்சியால் வரும். நான்காவதைத் தேர்ந்துகொள்ளக் கண் வேண்டும்.

நாகசுரத்தில் இத்தொல்லை இரட்டிப்பாகும். (நாதசுரம் என எழுதுவாரும் உளர், நாம் நாகசுரம் என்றே எழுதுவோம்.) 'உலவு' எனப்படும் அதன் உடல் நீண்டிருப்பதோடு உள்ளே துளையும் உடையது. அத்துளையோ மேலே குறுகிக் கீழே வரவர அகலும் கூம்பு வடிவினது. தடிமன் வேறுபட்ட நீண்ட கம்பிகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செலுத்தித்தான் அவ்வடிவத்தைப் பெற இயலும். துளை நடுவிலிருந்து நூலளவு விலகினாலும் ஒருபுறச் சுவர் தடித்து மறுபுறம் மெலியும்; பின் எத்துணை நேர்த்தியாக வெளிப்புறம் கடைந்தாலும் ஓசை சீர்படாது. உலவின் அடியிற் பொருத்தும் 'அணசு' வாகை மரத்தால் ஆவது. விரல்கள் ஆள்வன ஏழு துளைகள். கீழ்ப்புறத்தே சுருதியைச் செம்மை செய்ய ஐந்து. மேல் முனையில் கெண்டை; அதன்மேல் நாணலில் செய்த சீவாளி.

இத்தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர் தஞ்சை மாவட்டத்து நரசிங்கம்பேட்டை. அவ்வூர்ப் பட்டறைகளில் காட்டில் வெட்டிய பச்சை மரத்திற்கு இடமில்லை. பழைய வீடுகளை இடிக்கையில் கிடைக்கும் உத்திரங்களையும் தூண்களையும் தேடி வாங்குவர். பல்லாண்டு வெயிலும் மழையும் கண்டு ஈரம் முற்றும் வற்றிய ஆச்சா, கடைந்தபின் முறுக்கிக்கொள்வதில்லை, வெடிப்பதில்லை. ஒரு தலைமுறையின் கூரையைத் தாங்கிய கட்டை மறுதலைமுறையில் தோடி பாடுகிறது.

முற்காலத்தில் பெருவழக்காய் இருந்தது திமிரி என்னும் குறுங்குழல். தேரோடும் வீதியில் நெடுந்தொலைவு கேட்கும் உச்சக் குரல் அதற்கு உண்டு. ஆனால் அரங்கில் அமர்ந்து இராகத்தை விரித்துரைக்க அக்குரல் போதவில்லை. சுத்த மத்திமமும் செவ்வனே ஒலிக்காமல் இடர் தந்தது. இக்குறையை நீக்க விழைந்தவர் திருவாவடுதுறை டி. என். இராசரத்தினம் பிள்ளை (1898 – 1956). நரசிங்கம்பேட்டை திருவாவடுதுறைக்கு மிக அண்மையில் உள்ளது. அங்கிருந்த ரங்கநாதன் ஆசாரி அவர் விருப்பத்திற்கேற்ப நீளமான குழலைக் கடைந்தார். அதுவே இன்று எங்கும் வழங்கும் பாரி நாகசுரம். சுருதி ஏறத்தாழ இரண்டரைக் கட்டைக்கு இறங்கிற்று, ஒலி கனிந்தது, மத்திமம் தெளிந்தது.

இதனை ஓர் இசைக் கலைஞரின் கனவு நிறைவேறிய கதையாக மட்டும் எழுதுவோர் பலர். நாம் அவர்களோடு உடன்படோம். குழலை நீட்டுதல் என்பது பழைய அளவோடு சில அங்குலம் கூட்டுவதன்று. நீளம் மாறினால் துளையின் கூம்பு மாறும். கூம்பு மாறினால் விரல் துளைகள் ஒவ்வொன்றும் இடம் பெயரும். அவை மிக விலகினால் வாசிப்பவர் விரல் எட்டாது. ஒவ்வொரு மாற்றத்தையும் அக்கடினமான மரத்தில் செய்தே பார்க்க வேண்டும். தவறினால் அந்தக் கட்டை விறகு. ஒரு சுரம் சரியாக அமைவதற்குப் பின்னே பட்டறையில் கழிந்த கட்டைகளை யார் எண்ணினார்? இசைச் சுவடிகளில் ஆசாரியாரின் பெயர் ஓரிரு வரிகளோடு முடிந்துவிடுவது நமக்கு முறையாகப் படவில்லை.

பெங்களூரிலிருந்து மைசூருக்கு இரயிலில் செல்வோர் வழியில் சென்னபட்டணத்தைக் கடப்பர். அங்கும் கடைசலே பிழைப்பு. வெட்பாலை மரத்தைக் கடைந்து, சுழலும்போதே அரக்குக் கோலை அழுத்தி, உராய்வின் வெம்மையில் வண்ணமேற்றித் தாழை மடலால் மெருகிடுவர். நம் குழந்தைகள் கையில் அப்பொம்மைகள் உள்ளன. அவை வீட்டுக்கு வீடு விலையாகும் சரக்கு. நாகசுரமோ அதனை வாசிக்கத் தெரிந்தவர் ஒருவரே வாங்கும் பொருள். ஒன்று வாங்கினால் பல்லாண்டு போதும். எனவே கடைபவர் வாழ்வு வாசிப்பவர் வாழ்வோடு பிணைந்தது. 2022இல் நரசிங்கம்பேட்டை நாகசுரத்திற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அது பெயரைக் காக்கும். வேலையைத் தருவது திருமணப் பந்தல்தான். அயலூரில் வாழும் நம் வீட்டு மண்டபங்களிலோ தாலி கட்டும் வேளையில் கைப்பேசியை ஒலிபெருக்கியில் இணைத்துக் 'கெட்டிமேளம்' ஒலிக்கச் செய்யும் வழக்கம் பெருகிவருகிறது. செலவு மிச்சம் என்கிறார்கள். எவருடைய செலவு என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

பழைய ஓட்டு வீடுகள் குறையக் குறைய முதிர்ந்த ஆச்சாவும் அரிதாகிறது. கோபிநத்தத்துக் காட்டில் நிற்கும் மரங்கள் வனவிலங்குக் காப்பகத்தின் காவலில் உள்ளன. அவற்றில் கைவைக்கலாகாது, வைக்கவும் வேண்டா. ஆகவே எங்கேனும் ஒரு பழைய வீடு இடிபடுகிறது என்ற சொல் காதில் விழுந்தால் நரசிங்கம்பேட்டைப் பட்டறைக்காரர்க்கு அது செய்தி. உத்திரத்தைத் தட்டிப் பார்த்து, நார் ஓட்டம் நோக்கி, விலை பேசி ஏற்றி வருவர். கடைந்து முடித்ததும் வாங்குபவர் வரும்வரை காத்திராமல், தாமே சீவாளியைச் செருகி ஊதி, மத்திமம் நிற்கிறதா என்று செவிகொடுத்துக் கேட்பர். நில்லாவிடில் அன்றே மீண்டும் துளையைத் திருத்துவர்.