அந்த முதல் எழுத்துக்குள்ள ஒரு ஊரே இருக்கு!

பாஸ்போர்ட், விசான்னு எந்தப் படிவத்தை எடுத்தாலும் 'சர்நேம்'னு ஒரு கட்டம் இருக்கும். நம்மாளுங்க முழிக்கிற இடம் அதுதான். கடைசியில அப்பா பேரைப் போட்டு ஒப்பேத்திடுவோம். தமிழ்நாட்டுல முன்னாடி சாதிப் பட்டம்தான் பேருக்குப் பின்னாடி நின்னுச்சு. 1929-ல் நடந்த செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுக்குப் பிறகு பலரும் அதை விட்டுட்டாங்க. நல்ல விஷயம்தான்.

ஆனா எங்க சோழபுரத்துக்குப் பக்கத்துல இருக்கிற ராஜபாளையத்துல கதையே வேற. அங்குள்ள ராஜுக்கள் வீட்டில் தெலுங்கு பேசுபவர்கள். விஜயநகர காலத்தில் படையோடு தெற்கே வந்தவர்கள் என்பது அவர்களின் மரபுச் செய்தி. ஊர் பேர்லயே 'பாளையம்' இருக்கே, பாத்தீங்களா?

அவங்க பேரு 'ராஜா'ன்னு முடியுதே, அதுதான் குடும்பப் பெயரா? இல்லைங்க. அது சமூகப் பட்டம். குடும்பப் பெயர் ஒளிஞ்சிருக்கிறது முன்னாடி இருக்கிற இனிஷியல்ல! தெலுங்கில் இதை 'இன்ட்டி பேரு', அதாவது வீட்டுப் பெயர் என்பார்கள்.

உதாரணத்துக்கு பி.எஸ். குமாரசாமி ராஜா. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதல்வர், பின்னர் ஒரிசா கவர்னர். அதுல 'எஸ்' அப்பா சஞ்சீவி ராஜா. 'பி'ங்கிறது பூசபாட்டி. அதுதான் வீட்டுப் பெயர்.

இப்ப அப்படியே ஆந்திரா பக்கம் போவோம். விஜயநகரம் (ஹம்பி இல்லைங்க, விசாகப்பட்டினம் பக்கத்துல இருக்கிறது) அரச குடும்பத்தின் வீட்டுப் பெயரும் பூசபாட்டிதான். 1794-ல் பத்மநாபம் போரில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையோடு மோதி உயிரை விட்ட விஜயராம கஜபதி ராஜு இந்தக் குடும்பம். 1936-ல் இங்கிலாந்து போன இந்திய கிரிக்கெட் அணியின் கேப்டன் 'விஸ்ஸி'யும் இந்தக் குடும்பம்தான். (அவர் ஆட்டத்தைப் பத்தி இங்க பேச வேண்டாம் :-)) கிருஷ்ணா நதிப் பக்கம் உள்ள பூசபாடு என்ற ஊரின் பெயரே வீட்டுப் பெயரானது என்கிறது அந்தக் குடும்ப வரலாறு.

அப்ப ராஜபாளையத்துப் பூசபாட்டிக்காரங்க எல்லாம் அரச வம்சமா? அவசரப்படாதீங்க. வீட்டுப் பெயர் ஒண்ணா இருந்தா வேர் ஒண்ணுன்னு அவங்க எடுத்துக்குவாங்க. அதனாலதான் ஒரே வீட்டுப் பெயருக்குள்ள பொண்ணு குடுத்து எடுக்கறதில்லை. ஆனா கிளை எந்தத் தலைமுறையில பிரிஞ்சதுன்னு பேரு சொல்லாது. அதுக்குப் பட்டயம், பத்திரம், வம்சாவளி ஏடுன்னு வேற சாட்சி வேணும்.

குமாரசாமி ராஜா தன் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துட்டார். வீட்டுப் பெயர் ஒத்தை எழுத்தா அவர் பேர்ல நிக்குது. அந்த எழுத்தோட விரிவு தெரிஞ்சவங்க இருக்கிற வரைக்கும்தான் கிருஷ்ணா கரை வரைக்கும் வழி தெரியும். அவங்களுக்கப்புறம் அது வெறும் 'பி'. உங்க வீட்டு இனிஷியல்லயும் ஊரு, வீடு, தாத்தான்னு ஏதாவது சுருங்கிக் கிடக்கலாம். பாட்டிகிட்ட இன்னைக்கே கேட்டு, முழுசா எழுதி வச்சிருங்க.