இரண்டாவது கப்பல்



திருத்தூதர் பவுல் தம் கடற்பயணத்தில் தொட்டுச் சென்ற ஊர்களுள் ஒன்று மித்திலேன். லெஸ்போஸ் தீவிலிருந்த பழைய கிரேக்க நகர அரசு அது. பவுலுக்கு நெடுங்காலம் முன்பே, கி.மு. 428இல், அந்நகரம் ஏதென்சை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்து, மறு ஆண்டு சரணடைந்தது. கோபம் கொண்ட ஏதென்சு மக்கள் மன்றம், ஆண்கள் அனைவரையும் கொல்லவும், பெண்களையும் பிள்ளைகளையும் அடிமைகளாக்கவும் தீர்மானித்தது. ஆணையோடு கப்பலும் புறப்பட்டுவிட்டது.

மறுநாள் அவர்களுக்கு மனம் உறுத்தியது. மன்றம் மீண்டும் கூடியது. ஆணையை மாற்றவே கூடாது என்றார் கிளெயோன். கொல்ல வேண்டாம் என்றார் தியோதோத்தஸ். மிகச் சில வாக்குகளில் ஆணை மாறியது. ஏறக்குறைய ஒரு பகலும் ஓர் இரவும் பிந்தி இரண்டாவது கப்பல் கிளம்பியது. துடுப்பு வலித்தவர்கள், திராட்சை இரசமும் எண்ணெயும் விட்டுப் பிசைந்த வாற்கோதுமை மாவைத் துடுப்பை விடாமலே உண்டார்கள், முறைவைத்துத் தூங்கினார்கள். தளபதி பாக்கெஸ் முதல் ஆணையை வாசித்து, நிறைவேற்ற இருந்த வேளையில் கரைசேர்ந்தார்கள். நகரம் பிழைத்தது.

ஆயினும் கிளர்ச்சிக்குக் காரணமானவர்கள் என்று 1000 பேருக்கு மேல் கொல்லப்பட்டதாக வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதுகிறார். அந்த இரக்கமும் அரைகுறையே.

நாமும் கோபத்தில் ஒரு சொல்லை அனுப்பிவிடுகிறோம். பிறகு உள்ளுக்குள் வருந்துகிறோம். வருந்தினால் மட்டும் போதுமா? முதல் கப்பல் போய்க்கொண்டே இருக்கிறது. எழுந்து துடுப்பைப் பிடிப்போம், இன்றே.