சாதிப் பெருமைப் பாட்டு (அருப்புக்கோட்டை – திருச்சுழி வட்டாரம்)

சாதிப் பெருமைப் பாட்டு என்பது ஒரு சாதியின் பெயரையும் அதன் தலைவரையும் வீரத்தையும் உறுமி, பறை, தவில் அடியோடு சேர்த்து, பெரிய ஒலிபெருக்கியில் அலற விடுவதற்கென்றே செய்யப்படும் பாட்டு வகை. மதுரைக்குத் தெற்கே எங்கும் இது உண்டு. ஆனாலும் விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டங்களும், அவற்றை ஒட்டிய கமுதி, முதுகுளத்தூர் பக்கமும் இதன் முக்கியமான களம். முக்குலத்தோர் (கள்ளர், மறவர், அகமுடையார்), தேவேந்திரகுல வேளாளர், நாடார், யாதவர் என்று ஏறக்குறைய எல்லாச் சாதிக்கும் இன்று பாட்டு இருக்கிறது. ‘நம்ம பாட்டு’, ‘அவங்க பாட்டு’ என்றாலே ஊரில் புரிந்துவிடும்.

நிலமும் பகையும்

இது வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் கண்மாய் நிறையும். பொய்த்தால் சீமைக் கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்க வேண்டும், இல்லையென்றால் திருப்பூருக்கோ சென்னைக்கோ பஸ் ஏற வேண்டும். குண்டாற்றங்கரைத் திருச்சுழி ரமண மகரிஷி பிறந்த ஊர் என்றும், அருப்புக்கோட்டை நெசவு ஊர் என்றும் வெளியூர்க்காரர் அறிவார்கள். சாதி மோதலின் நீண்ட நினைவும் இந்த மண்ணுக்கு உண்டு. கோயில் நுழைவு உரிமை தொடர்பாக நாடார்களுக்கும் மறவர் முதலிய சாதியாருக்கும் மூண்ட பகை 1899இல் சிவகாசிக் கலவரமாக வெடித்தது. மறவர், கள்ளர் மீது பிரிட்டிஷ் அரசு சுமத்திய குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல்தான் ஒழிந்தது. அதை எதிர்த்துப் போராடிய பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் 1952லும் 1962லும் அருப்புக்கோட்டை நாடாளுமன்றத் தொகுதியில் வென்றவர்.

பாட்டுகளில் திரும்பத் திரும்ப வரும் ஆண்டு 1957. அந்த ஆண்டு செப்டம்பர் 10 அன்று சாதி மோதலைத் தணிக்க மாவட்ட ஆட்சியர் முதுகுளத்தூரில் சமாதானக் கூட்டம் நடத்தினார். மறுநாள் இரவு பரமக்குடியில் தலித் தலைவர் இம்மானுவேல் சேகரன் கொல்லப்பட்டார். செப்டம்பர் 14 அன்று கீழத்தூவலில் போலீஸ் சுட்டதில் மறவர் ஐந்து பேர் இறந்தார்கள். இம்மானுவேல் சேகரன் கொலை வழக்கில் கைதான தேவரை 1959இல் நீதிமன்றம் விடுதலை செய்தது. இரண்டு பக்கமும் பிணம் விழுந்த ஆண்டு அது. பாட்டிலோ ஒரு பக்கத்துப் பிணம் மட்டுமே இருக்கும்.

1997இல் விருதுநகர் மாவட்டப் போக்குவரத்துக் கழகத்துக்கு, தேவேந்திரகுல வேளாளர் போற்றும் வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைக்க அரசு முடிவு செய்தபோது மீண்டும் கலவரம். கடைசியில் எல்லாக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயரையே எடுத்துவிட்டார்கள். காமராசர் மாவட்டம் விருதுநகர் மாவட்டம் ஆனது அப்போதுதான். பஸ்ஸில் எழுதிய ஒரு பெயருக்காக வீடுகள் எரிந்த ஊர்களில், ஒலிபெருக்கியில் ஒரு பெயர் என்ன செய்யும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஒலி

இந்தப் பாட்டின் பலம் சொல்லில் இல்லை, அடியில் இருக்கிறது. உறுமியின் ஒரு பக்கத்தை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது எழும் முனகலைக் கேட்டுச் சாமியாடிகளுக்கு அருள் இறங்கும். நையாண்டி மேளத்திலும் கோயில் கொடையிலும் தலைமுறை தலைமுறையாக உடம்பில் ஊறிய ஒலி அது. அதையே கணினியில் வெட்டி ஒட்டி, வேகத்தைக் கூட்டி, அடித்தொனியை ஏற்றி, மேலே தலைவர் பெயரைக் கூவ விட்டால் பாட்டு தயார். முன்பு கேசட், பிறகு சிடி, பிறகு பென் டிரைவ், இப்போது செல்போன்.

1992இல் வந்த ‘தேவர் மகன்’ படம் ஒரு திருப்பம். அதில் குலப்பெருமை பாடும் இளையராஜாவின் பாட்டு, படத்திலிருந்து கழன்று சாதி கீதமாகவே ஆகிவிட்டது. படமோ அரிவாளைக் கீழே போட்டுவிட்டுப் பிள்ளைகளைப் படிக்க வைக்கச் சொல்லி முடிகிறது. மைக் செட்டில் அந்த முடிவு ஓடுவதில்லை, பாட்டு மட்டும் ஓடுகிறது. இயக்குநர் மாரி செல்வராஜ் இந்தப் படம் தன்னைப் பாதித்த விதத்தைப் பொதுமேடையிலேயே சொல்லியிருக்கிறார்.

பொங்கல் அல்லது முளைப்பாரி ஊர்வலத்தில் இதைக் கிட்ட இருந்து பார்க்கலாம். டிராக்டர் டிரெய்லரில் ஆளுயரப் பெட்டிகள், பின்னால் புகை கக்கும் ஜெனரேட்டர். மைக் செட்காரரின் கையில் இருக்கும் ஒரே பென் டிரைவில் அம்மன் பாட்டும் இருக்கும், எல்லாச் சாதிப் பாட்டும் இருக்கும். வாடகைக்கு எடுத்தவர் யாரோ, அவர் பாட்டு ஓடும். தெரு முக்கு வந்ததும் ஒரு பையன் ஓடிவந்து அவர் காதில் ஏதோ சொல்வான். அம்மன் பாட்டு பாதியில் நின்று சாதிப் பாட்டு தொடங்கும். அடுத்த தெரு வேறு சாதிக்காரர் தெரு. வண்டி அங்கே மெதுவாகும், ஒலி ஏறும், ஓட்டு வீடுகளில் ஏனம் அதிரும். அந்தச் சில நிமிடங்களுக்காகத்தான் அந்தப் பாட்டு.

ஈர்ப்பு

கேட்கிறவர்களில் பெரும்பாலோர் பதின்வயது, இருபதுகளில் உள்ள ஆண்கள். எல்லோரும் வெறியர்கள் என்று எழுதுவது சுலபம், ஆனால் அது உண்மையில்லை. பலருக்கு முதலில் பிடிப்பது ஆட்டம்தான். கையில் நிலம் இல்லை, இருந்தாலும் விளைச்சல் இல்லை. படித்த படிப்புக்கு ஊரில் வேலை இல்லை. வெளியூரில் அவன் கம்பெனிக்கூலி, ஊருக்குள் வந்தால் பாட்டு அவனை அரச பரம்பரை என்கிறது. பாடுபடாமல் கிடைக்கும் பெருமை அது ஒன்றுதான். ஆட்டத்துக்காக வந்தவன் ஆட்டத்தோடு சேர்த்து ‘யார் நமக்குக் கீழே’ என்பதையும் மனப்பாடம் செய்துகொள்கிறான். கையில் நிறக் கயிறு ஏறுவதும், செல்போனில் அரிவாள் படம் ஏறுவதும் அதற்குப் பிறகுதான்.

தலித் இளைஞர்களின் பாட்டுகளும் இதே அடியில் வருகின்றன. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமில்லை. பெயரைச் சொல்லவே கூசிய தலைமுறையின் பேரன் பெயரைச் சத்தமாகச் சொல்வதற்கு வேறு பொருள் உண்டு. பஞ்சாபில் ஜாட் பெருமைப் பாட்டுகளுக்கு எதிராக ஜலந்தரின் தலித் பாடகி கின்னி மாஹி தன் சாதிப் பெயரையே தலைநிமிர்ந்து பாடியதும் அப்படித்தான். ஆனாலும் ஆண்ட பரம்பரை, வாள், சிங்கம் என்று அதே உருவங்களை இவர்களும் எடுத்துக்கொள்ளும்போது, தங்களுக்கும் கீழே ஒருவரைத் தேடும் பழக்கமும் கூடவே வந்துவிடுகிறது.

இதில் நெஞ்சை அறுக்கும் ஒன்று உண்டு. இந்தப் பாட்டுகளைத் தூக்கி நிறுத்தும் தோல் கருவிகளைக் காலம் காலமாக வாசித்தவர்களில் பலர் பறையர், அருந்ததியர். அவர்களின் கொட்டுக்குத்தான் மற்றவர்களின் வீரம் ஆடுகிறது.

பிற நாடுகளில்

பாட்டு வெறியை வளர்ப்பது இங்கே மட்டும் நடப்பதில்லை. பிரிட்டனில் ஸ்க்ரூடிரைவர் என்ற ராக் குழு 1980களில் வெள்ளை இனவெறியைப் பாட்டாக்கி, மொட்டைத்தலை இளைஞர்களை நவநாஜி அமைப்புகளுக்குள் இழுத்தது. நார்வேயின் பிளாக் மெட்டல் வட்டம் 1992இல் பெர்கன் நகரின் ஃபான்டாஃப்ட் மரத் தேவாலயத்தை எரித்ததில் தொடங்கி, 1993இல் தன் சொந்த இசைக்கலைஞர் ஒருவரின் கொலை வரை போனது. அங்கே அது ஊரை வெறுத்து ஒதுங்கிய சிறு கூட்டம். இங்கே ஊரே கூடும் திருவிழாவுக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் இதை வெறி என்று அடையாளம் காண்பது கடினமாகிறது.

சட்டம்

பட்டியல் சாதியினர் மீது பகையைத் தூண்டும் பேச்சும் அடையாளமும் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளிலேயே உண்டு. ஆடல் பாடல் நிகழ்ச்சிக்கு அனுமதி கேட்டுப் போகிறவர்களிடம், சாதியையோ கட்சியையோ குறிக்கும் பாட்டு கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை நிபந்தனை போடுவது வழக்கம். செப்டம்பர் 11 இம்மானுவேல் சேகரன் நினைவு நாளுக்கும் அக்டோபர் 30 தேவர் ஜெயந்திக்கும் ராமநாதபுரம் மாவட்டத்தில் தடையுத்தரவு வருகிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவனையும் தங்கையையும் உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் பள்ளியில் நிறக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி கூடாது என்றது. கயிற்றை வாசலிலேயே கழற்றச் சொல்லலாம். பள்ளிக்கு வரும் பஸ்ஸில் ஓடும் பாட்டுக்கு அந்த வாசல் கிடையாது.

மாற்று

இதே தோல் கருவிகளை வேறு வழியில் எடுத்தவர்கள் உண்டு. இளையான்குடி பக்கத்து மாரந்தையில் பிறந்த கே.ஏ. குணசேகரன், தலித் கூலிகளை எரித்துக் கொன்ற கீழவெண்மணிப் படுகொலைக்குப் பின் கவிஞர் இன்குலாப் எழுதிய பாட்டை ஊர் ஊராகப் பாடினார். அதில் கேட்டது மனுசன் என்ற பெயர் மட்டும்தான். இயக்குநர் பா. ரஞ்சித்தின் முயற்சியில் 19 பேர் கொண்ட ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு 2018 ஜனவரியில் சென்னையில் முதல் மேடை ஏறியது. பறையும் ராப்பும் கானாவும் அங்கே ஒன்றாக ஒலித்தன. அந்தப் பாட்டுகள் அருப்புக்கோட்டை மைக் செட்காரரின் பென் டிரைவுக்கு இன்னும் அதிகம் வந்து சேரவில்லை.