விதியும் விலக்கும்

குழந்தைகளைக் காக்கச் சட்டம் இல்லை என்று எவரும் கூற முடியாது. சட்டங்கள் உண்டு, ஒன்றல்ல, பல உண்டு. ஆயினும் பிஞ்சுக் கரங்கள் காய்த்துப் போவது ஏன்? விதியைப் படித்து மகிழும் நாம், அதனடியில் ஒளிந்திருக்கும் விலக்கைப் படிப்பதில்லை. வரலாற்றைப் புரட்டுவோம், வாருங்கள்!

1919-ஆம் ஆண்டு வாஷிங்டன் நகரில் கூடிற்று, பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் முதல் மாநாடு. 14 வயது நிரம்பாத சிறாரைத் தொழிற்கூடங்களில் அமர்த்தலாகாது என்று உடன்படிக்கை கண்டது. நல்ல விதி! ஆனால் விலக்கு? ஒரே குடும்பத்தார் மட்டும் உழைக்கும் தொழிற்கூடத்துக்கு அவ்விதி இல்லை. இந்தியாவுக்கோ தனி விலக்கு: பெரிய ஆலை, சுரங்கம், இரயில்வே போன்றவற்றில் மட்டும் தடை, அதற்கும் வயது வரம்பு 12! இந்தியக் குழந்தையின் எலும்பு மட்டும் ஈராண்டு முன்பே முற்றிவிடுமோ?

வாங்கிய கடனுக்குப் பிள்ளையின் உழைப்பை ஈடு வைக்கும் கொடுமையை அமிர்தசரசிலும் அகமதாபாத்திலும் சென்னையிலும் கண்டது, 1931-இல் அறிக்கை தந்த ராயல் கமிஷன். 1933-இல் சட்டம் பிறந்தது. அத்தகைய ஒப்பந்தம் செல்லாது என்றது. தண்டனை? ஈடு வைத்த பெற்றோருக்கு 50 ரூபாய் வரை அபராதம்; வேலை வாங்கிய முதலாளிக்கு 200 ரூபாய் வரை. முதலாளிக்கு அது பெட்டிச் சில்லறை. ஏழைக்கோ இன்னொரு கடன்!

1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, 14 வயதுக்குட்பட்டோரை ஆலையிலும் சுரங்கத்திலும் ஆபத்தான வேலையிலும் அமர்த்தத் தடை விதித்தது. 1986-இல் தனிச் சட்டம் வந்தது. குடும்பப் பட்டறைக்கு விலக்கும் உடன் வந்தது. 2016-ஆம் ஆண்டுத் திருத்தம், அவ்வயதினரை எத்தொழிலிலும் அமர்த்தலாகாது என்றது. வரவேற்கிறோம்! ஆனால் ஆபத்தற்ற குடும்பத் தொழிலில், பள்ளி நேரம் போகவும் விடுமுறையிலும் பிள்ளை உதவலாமாம். 1919-இல் திறந்த கதவு நூறாண்டாகியும் மூடப்படவில்லை.

பள்ளி நேரம் போகப் பெற்றோர் தொழில்! இக்குரல் நமக்குப் புதிதா? 1953-இல் இராசாசி அரசு சிற்றூர்ப் பள்ளிகளுக்கு வகுத்த அரைநாள் கல்வித் திட்டமும் இதைத்தானே சொல்லிற்று? குலக்கல்வி என்று கண்டு கொதித்தது தமிழகம். 1954-இல் திட்டம் மடிந்தது. இன்றைய சட்டத்தில் 'குலம்' என்ற சொல் இல்லை, உண்மை. ஆனால் வழக்கறிஞர் வீட்டுப் பிள்ளை விடுமுறையில் வழக்காடப் போவதில்லை. ஏழைத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைதான் பெற்றோர் தொழிலுக்கு உதவ உட்கார வேண்டும். விலக்கு யாருடைய வீட்டுக் கதவைத் தட்டுகிறது என்று விளங்கவில்லையா?

தோழர்களே! சட்டம் வரும்போதெல்லாம் விதியைப் பாராட்டுவோம். அத்துடன் நில்லாது, விலக்கு எவர் பிள்ளைக்கு என்றும் கேட்போம். விடை வரும்வரை கேட்போம்.